வார்டில் எடுத்த சாம்பிள் லேபில் காணோமா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ரத்தம், சிறுநீர், சளி, தண்டுவட நீர், திசுத் துண்டு என்று வார்டில் எடுக்கும் ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டுகிறோம். எடுத்த நேரம், கிளம்பிய நேரம், லேப் வாங்கிய நேரம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. ஒழுங்காக ஓடும்வரை பெரிய நிம்மதி. எங்காவது இடறினால் வார்டும் லேபும் மாறி மாறி போன் போட்டே அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் நோயாளிக்கு இன்னொரு ஊசி. வார்டு சிஸ்டர், லேப் டெக்னீஷியன், ஐடி ஆள் மூவரும் ஒரே வரிசையில் தேடினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பிள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா, அல்லது சாம்பிள் யாருடையது என்று தெரியவில்லையா? இடம் தெரியாததைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆள் தெரியாததை யூகித்து ஒட்டக் கூடாது. அதை நிராகரித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் நோயாளிக்கு ஆபத்து வருகிறது.

‘அனுப்பியாச்சு’ என்கிறது வார்டு, ‘வரவில்லை’ என்கிறது லேப்

திரையில் தெரிவது கடைசியாக ஸ்கேன் நடந்த இடம்தான். அதற்குப் பிறகு ட்யூப் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். அதனால் முதலில் அந்தக் கடைசிப் பதிவு எது, எத்தனை மணிக்கு, யாருடைய லாகினில் என்று பாருங்கள். தேட வேண்டிய இடம் அங்கிருந்து தொடங்கும்.

கடைசிப் பதிவு ‘எடுத்தது’ என்று இருந்தால், உங்கள் சாஃப்ட்வேரில் அந்த நிலை எதனால் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில சாஃப்ட்வேரில் லேபிள் பிரிண்ட் ஆன உடனேயே ‘எடுத்தது’ என்று ஆகிவிடும். விடியற்காலையில் நர்சிங் ஸ்டேஷனில் எல்லா நோயாளிக்கும் லேபிளை மொத்தமாக அடித்து வைத்தால், ஊசியே போடாதவருக்கும் ‘எடுத்தது’ என்று காட்டும். அவர் எக்ஸ்ரேக்குப் போயிருப்பார், லேபிள் ட்ரேயில் கிடக்கும். லேபைத் திட்டுவதற்கு முன் அந்த ட்ரேயைப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, படுக்கை அருகில் கைப்பட்டையையும் ட்யூபையும் சேர்த்து ஸ்கேன் செய்தால்தான் நிலை மாறும் என்று சாஃப்ட்வேரில் அமைப்பது.

கடைசிப் பதிவு ‘கிளம்பியது’ என்று இருந்தால், எடுத்துப் போன அட்டெண்டர் யார், வேறு எந்த இடத்துக்கெல்லாம் போனார் என்று கேளுங்கள். மைக்ரோபயாலஜி வேறு கட்டடத்தில் இருக்கும். ரத்த வங்கிக்குத் தனி கவுன்டர் இருக்கும். பயோகெமிஸ்ட்ரி ட்யூப் அந்தப் பெட்டியோடு அங்கே போய் இறங்கியிருக்கும். காற்றழுத்தக் குழாயில் அனுப்பும் ஆஸ்பத்திரியானால், சாம்பிளை வைத்து அனுப்பிய கேரியர் எந்த ஸ்டேஷன் எண்ணுக்குப் போனது என்று அதன் பதிவில் பாருங்கள். எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் பார்மசியில் போய் விழும். அங்கே அதை யாரும் உடனே திறந்து பார்க்க மாட்டார்கள்.

லேபுக்குள் நுழைந்த பிறகும் காணாமல் போகும். நான் பார்த்தவரை இப்படி அதிகம் மறைவது அவசர சாம்பிள்தான். காரணம் எளிது. சாதாரண சாம்பிள் கவுன்டர் வழியாக வந்து ஸ்கேன் ஆகிறது. அவசர சாம்பிளை நேராக டெக்னீஷியன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அவரும் உடனே ட்யூபைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜில் போட்டுவிடுகிறார். மெஷின் ஓடி முடித்துவிடும், கம்ப்யூட்டர் மட்டும் ‘வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே சென்ட்ரிஃபியூஜ், மெஷினின் ரேக், ஃபிரிட்ஜ், முடிந்த ட்யூப்களை அடுக்கும் ஸ்டாண்டு, இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

எவ்வளவு நேரம் தேடலாம் என்பது சாம்பிளைப் பொறுத்தது. தமனி ரத்த வாயுப் பரிசோதனைக்குப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்ததை அறை வெப்பத்தில் 30 நிமிடத்துக்குள் ஓட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் தேடுவதை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். மூன்று மணி நேரம் கழித்து, பிரிக்காமலே கிடைத்த ஜெல் ட்யூபில் சர்க்கரை, பொட்டாசியம் பார்ப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க எடுத்த சிறுநீர் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகிப் பொய் சொல்லும். ரத்தம் உறையும் நேரமான ஏபிடிடி பார்க்கும் நீல மூடி ட்யூபுக்கு 4 மணி நேரம்.

ஆனால் தண்டுவட நீர், எலும்பு மஜ்ஜை, பயாப்ஸி மூன்றுக்கும் இந்தக் கணக்கு கிடையாது. முதுகில் ஊசி போட்டு எடுத்ததை, ஆபரேஷனில் வெட்டி எடுத்ததை ‘இன்னொரு முறை எடுத்துக்கலாம்’ என்று விட முடியாது. சம்பந்தப்பட்ட டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். எடுத்த அறையிலிருந்தும் வார்டிலிருந்தும் லேபிலிருந்தும் மஞ்சள், சிவப்புக் கழிவுப் பைகளைக் கிளம்ப விடாமல் நிறுத்துங்கள். துணி மூட்டையையும்தான். கிடைத்தால், எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். கல்ச்சருக்கான தண்டுவட நீர் ஃபிரிட்ஜில் கிடைத்ததா, பயாப்ஸி, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருந்ததா அல்லது உலர்ந்து கிடந்ததா என்பது ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்கு அவசியம் தெரிய வேண்டும்.

பதிவெல்லாம் சரி, ட்யூப்தான் இல்லை

‘லேப் வாங்கியது’ என்று தெளிவாகப் பதிவாகியிருக்கும். ஆனால் லேபில் ட்யூப் இருக்காது. அந்த நேரத்துப் பதிவுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு வார்டு முழுக்க வாங்கியதாக இருந்தால், ட்யூபைக் கையில் எடுத்து ஸ்கேன் செய்யவில்லை என்று அர்த்தம். பரிசோதனை கேட்டு அனுப்பும் ரெக்விசிஷன் ஃபார்மில் ஒட்டிய உபரி லேபிளை வரிசையாக ஸ்கேன் செய்திருப்பார்கள். காகிதத்தில் ஒட்டியது தட்டையாக, வசதியாக இருக்கும். ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

இதைச் செய்தவரைக் கூப்பிட்டுத் திட்டினால் ஒரு வாரம் சரியாகும், அப்புறம் பழையபடி ஆகும். காலை ஏழு மணிக்கு எல்லா வார்டுப் பெட்டியும் ஒன்றாக வந்து இறங்கும்போது கவுன்டரில் ஒரே ஒரு ஸ்கேனர் இருந்தால் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். இரண்டாவது ஸ்கேனர் வையுங்கள். ட்யூபைச் சும்மா காட்டினாலே படிக்கும் ஸ்டாண்டு ஸ்கேனர் இன்னும் நல்லது. உபரி லேபிளில் பார்கோடு வராமல் பெயரும் எண்ணும் மட்டும் வரும்படி பிரிண்டை மாற்றுங்கள். ஸ்கேன் செய்ய ட்யூபைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் ட்யூபைத்தான் ஸ்கேன் செய்வார்கள்.

ஸ்கேனர் படிக்கவில்லை, மெஷின் துப்பிவிடுகிறது

கையில் பிடிக்கும் ஸ்கேனர் படிக்கிறது, மெஷின் மட்டும் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒட்டிய விதம்தான் காரணம். ட்யூப் நிமிர்ந்து நிற்கும்போது கோடுகள் ஏணிப்படி போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்க வேண்டும். குறுக்கே சுற்றி ஒட்டினால் கோடுகள் வளைவில் மறைந்துபோகும். சாய்ந்திருக்கக் கூடாது, நுனி கொடிபோல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பார்கோடின் இரண்டு முனையிலும் வெற்றிடம் வேண்டும். அந்த வெள்ளை இடத்தில் பேனாவால் நேரம் எழுதினால் ஸ்கேனருக்குக் கோடு எங்கே தொடங்குகிறது என்று புரியாது. ட்யூபில் ரத்தத்தின் அளவு தெரியும் இடைவெளியையும் மூடக் கூடாது. நீல மூடி ட்யூபில் 9 பங்கு ரத்தத்துக்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு என்ற கணக்கு சரியா என்று டெக்னீஷியன் பார்க்க வேறு வழியில்லை.

இரண்டு ஸ்கேனருமே படிக்கவில்லை என்றால் பிரிண்டைக் கவனியுங்கள். லேபிள் வரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு தொடர்ச்சியாக ஓடுகிறதா? பிரிண்ட் ஹெட்டில் ஒரு புள்ளி செத்திருக்கிறது, அல்லது பசை ஒட்டியிருக்கிறது. பிரிண்டரை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். போகவில்லை என்றால் ஹெட்டை மாற்ற வேண்டியதுதான். மங்கலாக வருகிறது என்று கருமையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கோடுகள் தடித்து இடைவெளி அடைந்துவிடும்.

காலையில் நன்றாக இருந்த லேபிள் மத்தியானம் வெளுத்துவிட்டால், அது சூட்டில் கருக்கும் தெர்மல் காகிதம். ஸ்பிரிட் பட்டால் அழியும், வெயிலிலும் சூட்டிலும் கெடும். வார்டில் ட்யூபை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும் பழக்கம் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஃபார்மலின் பாட்டிலுக்கும் நாள்கணக்கில் வைக்கும் சாம்பிளுக்கும் ரிப்பன் வைத்து அச்சடிக்கும் பிரிண்டர்தான் தாங்கும்.

ஸ்கேன் செய்தால் தமிழ் எழுத்து வருகிறது, எண் குறைகிறது

ஸ்கேனர் பழுது என்று புகார் வரும், ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கும். யூஎஸ்பி ஸ்கேனரைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. யாராவது சுற்றறிக்கை அடிக்கத் தமிழ் கீபோர்டுக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால், சாம்பிள் எண்ணின் தொடக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்து தமிழ் எழுத்தாக விழும். இலக்கங்கள் மட்டும் சரியாக வரும். ‘இந்த எண் இல்லை’ என்று சாஃப்ட்வேர் சொல்லும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. அடிக்கடி நடந்தால் அந்தக் கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்து தமிழ் கீபோர்டை எடுத்துவிட்டுத் தட்டச்சு வேலைக்கு வேறு கம்ப்யூட்டர் கொடுங்கள். பெரிய எழுத்து சிறிய எழுத்தாக வந்தால் கேப்ஸ் லாக்.

இரண்டு சாம்பிளின் எண் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு விழுந்தால், ஸ்கேனுக்குப் பிறகு என்டர் அனுப்பும் அமைப்பு அழிந்திருக்கிறது. ஸ்கேனரின் கையேட்டில் அந்த அமைப்புக்காக உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் திரும்ப வந்துவிடும்.

எண் குறைவாக வருவதுதான் கவலைக்குரியது. இன்டர்லீவ்ட் 2 ஆஃப் 5 என்ற பழைய பார்கோடு வகையில், பாதிக் கோட்டை மட்டும் படித்தாலும் ஸ்கேனர் அதை முழு எண் என்று நம்பிவிடக்கூடும். அந்தக் குறைந்த எண் வேறொருவருடையதாக இருந்தால் போச்சு. கோட் 128 வகையில் சரிபார்ப்புக் குறி உள்ளேயே இருக்கிறது, சாம்பிள் லேபிளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஸ்கேனரில் நீங்கள் பயன்படுத்தாத வகைகளை அணைத்துவிடுங்கள். எண்ணின் நீளத்தையும் பூட்டிவிடுங்கள். பட்டியலை எக்ஸெலில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எடுப்பதற்கு முன்பே லேப் வாங்கியதாக நேரம் காட்டுகிறது

வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஒரு சாஃப்ட்வேர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, இன்னொன்று இந்திய நேரத்தில் படிக்கிறது. சில நிமிடம்தான் என்றால், வார்டு கம்ப்யூட்டரின் கடிகாரமும் லேப் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேர சர்வரைப் பார்க்க வையுங்கள். மெஷின்களோடு வந்த கம்ப்யூட்டர்களையும் சேர்த்துத்தான், அவைதான் அடிக்கடி விட்டுப்போகும். வித்தியாசம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருந்தால், வார்டில் ஸ்கேன் செய்யும் கைக்கருவியைப் பாருங்கள். வைஃபை எட்டாத இடத்தில் ஸ்கேன் ஆனது, சிக்னல் கிடைத்த பிறகு ஏறும்போது ஏறிய நேரத்தைப் போட்டுக்கொள்கிறது. ஸ்கேன் நடந்த நேரத்தையே அனுப்பும்படி மாற்றச் சொல்லுங்கள்.

லேப் வாங்கியாச்சு, மெஷின் ‘ஆர்டர் இல்லை’ என்கிறது

மெஷின் பார்கோடைப் படித்ததும் லேப் சாஃப்ட்வேரிடம் ‘இதில் என்ன பார்க்க வேண்டும்’ என்று கேட்கும். பதில் வராவிட்டால்தான் இந்தச் செய்தி. ஒரு சாம்பிளுக்கு மட்டும் வந்தால் அந்த ஆர்டரைப் பாருங்கள். டாக்டர் ரத்து செய்திருக்கலாம், அந்தப் பரிசோதனைக்கான குறியீடு அந்த மெஷினில் இணைக்கப்படாமல் இருக்கலாம். விபத்தில் பெயர் தெரியாமல் வந்தவருக்குத் தற்காலிக எண் கொடுத்து, பிறகு பழைய பதிவோடு இணைத்திருந்தாலும் இப்படி ஆகும். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எண்ணை இணைத்துவிட்டது, லேப் சாஃப்ட்வேருக்கு அந்தச் செய்தி போகவில்லை.

எல்லா சாம்பிளுக்கும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டு சாஃப்ட்வேருக்கும் நடுவில் செய்தி வரிசை அடைத்திருக்கிறது. இந்தச் செய்திகள் பெரும்பாலும் ஹெச்எல்7 என்ற, மருத்துவ சாஃப்ட்வேர்களுக்கான பொது வடிவில் போகும். அதில் நேர்கோடு, தொப்பிக்குறி, ஆம்பர்சண்ட் போன்ற சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு, தகவலைப் பிரித்துக் காட்டுவதற்காக. வார்டுக்கு ‘மதர் & பேபி’ என்று பெயர் வைத்து, அந்த & குறியை மாற்றாமல் அப்படியே அனுப்பினால், பெறும் சாஃப்ட்வேர் பெயரை அங்கேயே வெட்டிவிடும். குறிப்பில் யாராவது நேர்கோடு போட்டிருந்தால் அடுத்தடுத்த தகவல்கள் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி விழும். செய்தியை ஏற்க முடியாது என்று மறுபக்கம் ஏஇ என்ற பிழைக் குறியீட்டைப் பதிலாக அனுப்பும். அனுப்பும் பக்கம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் அத்தனையும் காத்திருக்கும். வரிசையில் முதலாவதாக நிற்பதை எடுத்துத் தனியே வையுங்கள், மற்றவை ஓடிவிடும். எடுத்து வைத்தது ஒரு நோயாளியின் ஆர்டர், அதைக் கையால் பதிவு செய்யாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

அதுவரை மெஷினில் எண்ணைக் கையால் தட்டி ஓட்டலாம் என்று தோன்றும். தவிர்க்க முடியாத அவசரத்துக்கு மட்டும், இரண்டு பேர் பார்த்துச் சரிபார்த்து.

ரிசல்ட் இவருடையது போல இல்லை

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பார்கோடு சரியாகப் படிக்கிறது, பதிவுகள் சுத்தம், ஆனால் ட்யூபுக்குள் இருப்பது வேறு ஒருவரின் ரத்தம். இதை எந்த ஸ்கேனரும் கண்டுபிடிக்காது.

முதலில் கலப்படமா, ஆள் மாற்றமா என்று பிரியுங்கள். பொட்டாசியம் நம்ப முடியாத அளவு ஏறி, கால்சியம் அதேபோல் இறங்கியிருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடி ட்யூபிலிருந்து ரத்தத்தை மற்ற ட்யூபுக்கு ஊற்றியிருக்கிறார்கள். சர்க்கரை வானத்தில் இருந்து மற்றதெல்லாம் நீர்த்திருந்தால் டிரிப்ஸ் ஓடும் கையில் எடுத்திருக்கிறார்கள். இரண்டும் இல்லை என்றால் முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிடுங்கள். சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி ஒரே ஆளுக்கு ஓரிரு நாளில் பெரிதாக மாறாது. ரத்தம் ஏற்றாமலேயே அது நேற்றைக்கும் இன்றைக்கும் வெகுவாக மாறியிருந்தால் ஆள் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ரத்த வகை மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்படியென்றால் இன்னொரு நோயாளிக்கு இவருடைய ரிசல்ட் போயிருக்கும். அதே வார்டில், அதே நேரத்தில் எடுத்த எல்லா சாம்பிளையும் நிறுத்தி வையுங்கள். லேபில் லேபிளைப் பிரித்து மாற்றி ஒட்டாதீர்கள். வார்டிலிருந்து யார் வந்து ‘எனக்கு நிச்சயமாகத் தெரியும், இது அவருடையதுதான்’ என்று சொன்னாலும் சரி. இருவருக்கும் மறுபடி எடுக்க வேண்டும். ரத்த வங்கிக்குப் போகும் ட்யூபில் இதற்கு விலக்கே கிடையாது. தவறான வகை ரத்தம் ஏறினால் உயிர் போகும். ரத்த வகை முன்பே பதிவாகாத நோயாளிக்கு வேறு நேரத்தில் எடுத்த இரண்டாவது ட்யூபில் வகையை உறுதி செய்யும் வழக்கம் அதற்காகத்தான்.

மூலகாரணம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, நோயாளி முன் ஒட்டாமல் ஸ்டேஷனுக்கு வந்து ஒட்டுவது. இன்னொன்று கேட்கும் விதம். ‘நீங்கதானே முருகன்?’ என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். காது சரியாகக் கேட்காத பெரியவரும் ‘ஆமா’ என்பார். ‘உங்க பேர் சொல்லுங்க ஐயா’ என்று கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பட்டையின் பெயரோடும் பதிவு எண்ணோடும் பார்க்க வேண்டும். எஸ். முருகனும் எம். முருகனும் அடுத்தடுத்த படுக்கையில் இருப்பது நம் ஊரில் சாதாரணம். படுக்கை எண்ணை அடையாளமாக எடுக்கவே கூடாது, ஃபேன் காற்று வரவில்லை என்று படுக்கை மாறிக்கொள்வார்கள்.

பிறந்த குழந்தைகள் வார்டில் தனிக் கவனம் வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை ‘பேபி ஆஃப் மகாலட்சுமி’ என்றுதான் பதிவு. இரட்டைக் குழந்தை என்றால் கடைசியில் 1, 2 என்று சேர்ப்பார்கள். லேபிளில் பெயருக்கு இருக்கும் இடம் குறைவு, நீளமான பெயரின் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். வெட்டுப்படுவது அந்த 1, 2 தான். இரண்டு குழந்தைக்கும் ஒரே மாதிரி லேபிள் வரும். மஞ்சள்காமாலைக்கு எந்தக் குழந்தையை ஒளிச் சிகிச்சையில் வைப்பது என்று காமாலையின் அளவைச் சொல்லும் பிலிருபின் ரிசல்ட்டை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். உங்கள் பிரிண்டரில் இருப்பதிலேயே நீளமான பெயரை அடித்துப் பாருங்கள். இரட்டையின் எண் பெயருக்கு முன்னால் வரும்படி மாற்றச் சொல்லுங்கள். தாயின் எண்ணிலேயே குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் அனுப்பும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தாய் ஆர்எச் நெகட்டிவ் என்றால் அந்தக் குழப்பம் சிகிச்சையையே மாற்றிவிடும்.

லேபில் முடிந்தது, வார்டில் தெரியவில்லை

நோயாளி வார்டு மாறியிருப்பார், அல்லது புறநோயாளி எண்ணில் போட்ட ஆர்டர் உள்நோயாளி எண்ணில் தெரியாது. பதிவு எண்ணை வைத்து எல்லா வருகையையும் தேடுங்கள். அபாய அளவு ரிசல்ட்டைத் திரையை நம்பி விடக் கூடாது. போன் போட்டுச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, யாரிடம் சொன்னோம் என்று பதிய வேண்டும்.

சிஸ்டம் மொத்தமாக நின்றுவிட்டால்

முன்கூட்டியே அச்சடித்த தனி வரிசை எண் லேபிள்கள் ஒவ்வொரு வார்டிலும் ஒரு கட்டு இருக்க வேண்டும். வழக்கமான எண்ணோடு மோதாத வரிசையாக இருக்கட்டும். ட்யூபில் ஒன்று, ஃபார்மில் ஒன்று, வார்டு நோட்டில் ஒன்று. பெயரும் பதிவு எண்ணும் எடுத்த நேரமும் கையால் எழுத வேண்டும். சிஸ்டம் திரும்பியதும் எடுத்த நேரத்தைக் காகிதத்தில் உள்ளபடியே ஏற்றுங்கள், ஏற்றும் நேரத்தைப் போடாதீர்கள். நடுவில் புது லேபிள் அடித்து இதன் மேல் ஒட்டினால் ஒரே ட்யூபுக்கு இரண்டு எண் ஆகிவிடும்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சொல்லும்போது ‘சாம்பிள் வரமாட்டேங்குது’ என்று மட்டும் சொன்னால் நாள் ஓடிவிடும். ஒரு சாம்பிள் எண், கடைசியாகச் சரியாக நடந்த ஸ்கேன், சிக்கல் தொடங்கிய நேரம், ஒருவருக்கா எல்லாருக்குமா, எந்தக் கம்ப்யூட்டர், இவ்வளவும் எழுதி அனுப்புங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பினால் நோயாளியின் பெயரை மறைத்துவிடுங்கள்.